பையிலிருந்து பிந்தி வந்த கேமரா

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். சிறுமலை தெரியவில்லை. மலை இருந்த இடத்தில் பால் நிறத்தில் வானம் மட்டும். லென்ஸ்களைத் துடைத்தாயிற்று. பையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் மாற்ற வேண்டும்.

நேற்று வடமதுரையில் கல்யாணம். கெட்டிமேளம் கொட்டும் நேரம் பார்த்து என் பெரிய கேமரா உறைந்துவிட்டது. திரை கறுப்பு. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், ம்ஹூம். பைக்கு அடியில் கிடந்த பழைய சின்னக் கேமராவைத் துழாவி எடுத்து, மூடியைக் கழற்றி, கண்ணில் வைப்பதற்குள் மூன்று முடிச்சும் விழுந்தாயிற்று. பதினைந்து வருடத்தில் முதல் தடவை. மணப்பெண் சுகன்யாவுக்கு இன்னும் தெரியாது.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல் விட்டது. பால், கொத்தமல்லி, கரண்ட் பில்.

ஒரு கனவு. மண்டபத்தில் எல்லோரும் அட்சதை எறிந்துவிட்டார்கள். அரிசி கீழே விழாமல் அந்தரத்தில் நிற்கிறது. நான் பட்டனை அமுக்கினால்தான் விழும். அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். கையில் கேமரா இல்லை. பயமாகவும் இல்லை, அதுதான் ஆச்சரியம். மஞ்சள் அரிசி அத்தனை அழகாக மிதந்தது.

"தூக்கத்துலயும் 'இங்க பாருங்க, இங்க பாருங்க'ங்கிற," என்றார் என் வீட்டுக்காரர் தாமஸ். "பேசாம நல்லதா இன்னொண்ணு வாங்கிப் போடு."

வாங்க வேண்டியதுதான். இந்தத் தடவை பேக்கப்பும் ஃபுல் ஃப்ரேம்தான். படம் விழும் சில்லு பெரிதாக இருந்தால்தான் மண்டபத்து மங்கல் வெளிச்சத்துக்குத் தாங்கும். மற்றபடி என் கட்சி இது:

- பேட்டரி, லென்ஸ் இரண்டு கேமராவுக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.
- கார்டு இரண்டு போட இடம்.
- மஞ்சள் பூசின முகம் இரண்டிலும் ஒரே மஞ்சளாக வரணும். ஒன்றில் தங்கம், ஒன்றில் காமாலை என்றால் ஆல்பம் பாழ்.
- பட்டன்கள் அதே இடத்தில். அவசரத்தில் மூளை வேலை செய்யாது, விரல்தான் செய்யும்.
- முக்கியம்: பையில் தூங்கக் கூடாது. தோளில் தொங்கணும்.

கடைசியை எழுதும்போது முகம் சுட்டது. என் தப்பு அதுதானே.

நவம்பர் 12, புதன்

பழைய கேமரா வாங்கி விற்கும் முருகேசன் அண்ணன் கடை. நேற்றுக் கொடுத்திருந்த பெரிய கேமராவைச் சரிசெய்து வைத்திருந்தார். கார்டு செருகும் இடத்தில் ஈரமாம்.

"ஏம்மா, புது மிரர்லெஸ் கேமரா எடு. ஆளு கண்ண அதுவா தேடிப் புடிச்சுக்கிரும்."

"கண்ண நான் புடிச்சுக்கிறேண்ணே. பட்டன் எங்க இருக்கு?"

எல்லாம் இடம் மாறி இருந்தது. நல்ல கேமராதான், குறை சொல்ல மாட்டேன். பேக்கப் என்பது புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய ஆளாக இருக்கக் கூடாது, அவ்வளவே. என்னுடைய அதே மாடல், யாரோ நன்றாக உழைத்துத் தேய்த்தது, அலமாரியில் இருந்தது. கையில் எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு திருகிப் பார்த்தேன். என் கேமராவேதான். நாளைக்குச் சோதித்துப் பார்க்கக் கொடுத்துவிட்டார்.

வரும் வழியில் சுகன்யா போன்.

"அக்கா, தாலி கட்டுற நேரம் எடுத்தத மட்டும் மொதல்ல அனுப்புறீங்களா?"

"என்னம்மா அவசரம்?"

"எங்கப்பா அட்சத போட்டாரான்னு பாக்கணும்க்கா. நான் தலை குனிஞ்சிருந்தேன்ல."

காதல் கல்யாணம். ஒரு வருடமாக அப்பா இவளோடு பேசுவதில்லை. கல்யாணத்துக்கு வந்தார், கடைசித் தூணோரம் நின்றார், பந்தியில் உட்காராமலே போய்விட்டார். வீடியோவுக்கு ஆள் வைக்கவில்லை. சொந்தக்காரர்கள் செல்போனில் எடுத்ததெல்லாம் முன்னாலிருந்து. அதில் தாலி இருக்கிறது, தூண் இல்லை. மேடைக்குப் பின்னாலிருந்து கூட்டத்தைப் பார்த்து நின்றவள் நான் ஒருத்திதான். நானும் அந்நேரம் பைக்குள் தலையை விட்டிருந்தேன்.

"செத்த டைம் குடும்மா," என்றேன். கோழை.

நவம்பர் 13, வியாழன்

விடிந்ததும் ஆத்தூர் அணை. தோளுக்கு ஒன்றாக இரண்டு கேமரா. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளை. நடுவில் ஒரு கொக்கு, ஒற்றைக் காலில். அதில் ஒன்று, இதில் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தேன். கொக்கு அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் நானும் எதற்கு வந்தேன் என்பதை மறந்துவிட்டேன். ஷட்டர் சத்தம் மட்டும் வேறு யாரோ நடக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்தப் படம் எந்தக் கேமரா என்று எனக்கே தெரியவில்லை. அதையே வாங்கிவிட வேண்டியதுதான்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. சுகன்யா ஞாபகம் வரும் வரை.

நவம்பர் 14, வெள்ளி

பழைய சின்னக் கேமராவை எக்ஸ்சேஞ்சில் கேட்கிறார் அண்ணன். கொடுக்கும் முன் கார்டைக் காலி செய்ய உட்கார்ந்தேன். ஞாயிறு எடுத்த மூன்று படம். முதலாவது முழுக் கறுப்பு. இரண்டாவது மேடைத் தரை, யாரோ கால் விரல். மூன்றாவது மேளம் அடங்கின பிறகு எடுத்தது: எல்லாம் கலங்கல், கூட்டம் கையை இறக்கிவிட்டது, தூரத்தில் தூக்கிய கை ஒன்று, உள்ளங்கைக்குக் கீழே பளிச்சென்று ஒரு வெளிச்சப் பொட்டு. எதில் பட்டுத் திரும்பியதோ. அழிக்கலாம் என்று போய், கரண்ட் போனதால் விட்டேன்.

சுகன்யாவுக்குப் போன்: "நாளைக்கு ஸ்டுடியோ வர்றியாம்மா? நேர்ல சொல்லணும்."

நவம்பர் 15, சனி

வெயில். மலை தெரிந்தது.

பதினோரு மணிக்கு வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் புதுசு. சுற்றி வளைக்காமல் சொன்னேன். கேமரா நின்றது, நான் பைக்குள் தேடினேன், படம் இல்லை, என் தப்பு. திட்டுவாள் என்று இருந்தேன். அவள் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு இருந்தாள்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"எல்லாம் முடிஞ்சப்புறம் எடுத்தது ஒண்ணு இருக்கு. படம்னு சொல்ல முடியாது."

காட்டினேன். பெரிது பண்ணச் சொன்னாள். இன்னும். இன்னும்.

"இது என்னக்கா, வெளிச்சம்?"

"ஏதோ கண்ணாடியில பட்டுருக்கும்மா. இதெல்லாம் பிழை."

"வாட்ச்சுக்கா." குரல் இறங்கிவிட்டது. "எங்கப்பா உள்பக்கமாத்தான் வாட்ச் கட்டுவாரு."

மறுபடி பார்த்தேன். ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை காலி. எல்லோரும் போட்டு முடித்த பிறகு, தனியாகப் போட்டிருக்கிறார். என் நல்ல கேமரா வேலை செய்திருந்தால், மேளத்தோடு நானும் நிறுத்தியிருப்பேன்.

கண்ணைத் துடைக்காமலே எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் மணி அடித்திருக்க வேண்டும்.

"அப்பா," என்றாள். "சாப்டியா?"