முழுகாத மாதங்கள்

யட்டவத்த
14.08.1973

அன்பின் ஜுனைதீன் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வில்கமுவ வெயிலில் உங்கள் சுகத்தை அல்லாஹ் காப்பானாக. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

உங்கள் மனைவி, என் கூடப்பிறந்த ராத்தா ஸுபைதா, நாலு நாளாகப் படுக்கையில் கிடக்கிறார். மருந்தை நிறுத்தியதால்தான். நிறுத்தியது உங்கள் உம்மா.

ராத்தா காலையில் வாந்தி எடுத்ததை மாமி பார்த்திருக்கிறார். பிறகு மாதக்கணக்கில் மாதவிலக்கு நாளென்று ஒரு வேளையும் தொழுகை விடவில்லை என்பதையும் கவனித்திருக்கிறார். "மருமகள் முழுகாம இருக்கிறா" என்று வட்டிலப்பம் அவித்துத் தெருவெல்லாம் பகிர்ந்தார். பிள்ளைத்தாய்ச்சிக்குக் குளிசை மருந்து எதற்கென்று போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மூன்றாம் நாள் இரத்தமும் நோவும். இப்போது "கண்டதக் குடிச்சிப் புள்ளய அழிச்சிட்டா" என்கிறார். மீராசாஹிப் தரகரிடம் வேறு பெண் பார்க்கவும் சொல்லியாகிவிட்டது.

கண்டி டொக்டர் எண்டோமெற்றியோசிஸ் என்று சொன்னபோது நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். கருப்பைக்குள் இருக்க வேண்டிய தோல் வெளியிலும் ஒட்டி, மாதாமாதம் அங்கேயும் கசிகிறது. அதை அடக்கத்தான் மாதவிலக்கை நிறுத்துவது. முதலில் கொடுத்த குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையில் நோவு குறைந்தது. ஆனால் வாந்தி, தலையிடி. நோரெதிஸ்தெரோனுக்கு மாற்றினார். உடம்பு கொஞ்சம் ஊதியது, அவ்வளவுதான். மூன்று மாதம் ராத்தா நோவில்லாமல் குனிந்து வீடு கூட்டினார். டனசோல் என்று புதிதாக ஒன்றைப் பற்றி வாசித்தேன். குரல் தடிக்குமாம், மீசை அரும்புமாம். இங்கே கிடையாது, தேடவும் வேண்டாம்.

எதுவும் இந்த நோயை வேரோடு எடுக்காது. குடிக்கும் காலத்தில் பிள்ளை தங்காது. நிறுத்திய பிறகு தங்கலாம், தங்காமலும் போகலாம். மருந்தாளர் பரீட்சை பாஸ் பண்ணிய நான் இதற்கு மேல் பொய் சொல்ல முடியாது.

மாமியிடம் எல்லாம் சொன்னேன். "ஒன்ட ராத்தாக்கு நீ பேசாம வேற யாரு பேசுற?" என்று சிரித்துவிட்டு, பிள்ளைச் செய்திக்கு நீங்கள் அனுப்பிய பதில் கடிதத்தை நீட்டினார். "அல்ஹம்துலில்லாஹ், உம்மா" என்று எழுதியிருந்தீர்கள். அது பிள்ளையில்லை என்று உங்களுக்குத் தெரியாதா மச்சான்? நோயை வெளியில் சொல்லாதே என்று நீங்கள் வாங்கிய சத்தியத்தை ராத்தா இன்னும் காக்கிறார். மாமி ஏசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கிறார்.

பஸ் கொண்டக்டர் பாறூக்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதே பஸ்ஸில் புறப்பட்டு வாருங்கள். அலுமாரிச் சாவியை உங்கள் உம்மாவிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்; குளிசையை அவர் கண் முன்னால் உங்கள் கையால் கொடுக்க வேண்டும். அந்த நேரம் அல்லாஹ் உங்கள் நாவைக் கட்டாமல் இருக்கட்டும்.

ஒருவேளை வர மனமில்லையென்றால், அதையாவது ராத்தாவுக்கு நேரே எழுதிவிடுங்கள்.

வஸ்ஸலாம்.

உங்கள் மச்சினன்,
ஸஹாப்தீன்