மூன்றாவது செலவு

வசந்தாமணிக்கு,

நீ மல்லசமுத்திரத்துல உங்கம்மா ஊட்டுக்குப் போயி பதினோரு நாளாச்சு. உன் வயித்துல இருக்கற நீர்க்கட்டிக்கு மாத்திரைன்னா மாசம் அறுபது ரூவா, ஆப்பரேசன்னா ரெண்டாயிரம்னு சேலத்து டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என் சட்டைப்பையிலதான் இருக்குது.

அன்னைக்கு அதை எங்கம்மாகிட்டப் படிச்சுக் காட்டுனேன். "ரெண்டும் வேண்டாம் சாமி, டீச்சர் வேலைக்குப் போற அவ தங்கச்சியையே கட்டிக்க"ன்னாங்க.

மாட்டேன்னு சொல்லியிருக்கோணும். "அதுக்கு எவ்வளவு ஆகும்?"னு கேட்டுட்டேன். நீ காப்பியோட கதவுகிட்ட நின்னது அப்பறந்தான் தெரிஞ்சுது.

முதல் மாச மாத்திரை வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை கொண்டுக்கிட்டு வாரேன். கதவை நீயே வந்து திற. உன் தங்கச்சி திறந்தா, நான் அப்படியே திரும்பிப் போயிருவேன்.

உன் ஊட்டுக்காரன்