வாயை மூடினால் அவளுக்குப் படிப்பு ஏறாது

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் பல்வலி தேவலையா?

நேற்று போனில், "உம் பொண்ணு பரீட்சையில கோட்டை விட்டுட்டா. வாயை மூடிப் படின்னு தனி ரூம்ல உட்கார வச்சிருக்கேன்" என்றீர்களே, அப்போது இங்கே நான் வேலை பார்க்கும் லாண்டரியில் இஸ்திரிப் பெட்டி என் கையில் பட்டுவிட்டது. சின்னக் கொப்புளம்தான். கோபம்தான் ஆறவில்லை. போனில் திட்டினால் அவள் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வீட்டில் இருந்தவரை, பாத்திரம் கழுவும்போது எனக்குப் பாடம் நடத்தித்தான் அவள் முதல் மார்க் வாங்கினாள். "அம்மா, புரிஞ்சுதா?" என்பாள். இல்லையென்றால் மறுபடி சொல்வாள். அவள் மூளைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. கேட்கத்தான் ஆளில்லை.

டிவியை அணைத்துவிட்டு அவள் எதிரில் உட்காருங்கள். ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேளுங்கள். உங்களுக்கு அது சிரமமாக இருக்காது.

அவள் நடத்துவதைப் பதிவு செய்து எனக்கும் அனுப்புங்கள். இங்கே நாள் முழுக்க மெஷின் சத்தம்தான். புரிந்ததா என்று என்னையும் யாரும் கேட்பதில்லை.

ஷிஃப்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மனைவி