வானம் தெளிவாக இருந்தது

தங்கச்சிமடம்
3-3-1963

அன்பு மகன் மரியதாசுக்கு, அஞ்சாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்த உன் அய்யா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவுக்கு இடுப்பு வலி, அவளால் எனக்குக் காது வலி.

சேசுநாதர் உயிர்த்ததற்குச் சரித்திர ஆதாரம் போதவில்லை என்று எழுதியிருக்கிறாய். கல்லறைக்குப் போன பெண்கள் ஒரு சுவிசேஷத்தில் மூன்று பேர், இன்னொன்றில் ஒருத்தி; அவர்களிடம் பேசிய வானத்துச் சம்மனசும் ஓரிடத்தில் ஒன்று, ஓரிடத்தில் இரண்டு. அவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்குள் மனம் தெளியாவிட்டால், குருப்பட்டம் வேண்டாமென்று குருமடத்தை விட்டு வந்துவிடுவாயாம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த இடத்தில் இருமிச் சமாளித்தேன்.

எட்டு வருஷம் முன்பு புயலில் நம் வள்ளம் கவிழ்ந்து, கூட வந்த ஜெபமாலை கடலோடு போய், நாங்கள் நாலு பேர் கரை சேர்ந்தோமே. விசாரிக்க வந்த ஏட்டிடம் பாய்மரம் முதலில் முறிந்தது என்றேன் நான். சூசைமுத்து சுக்கான் என்றான். ஒருவன் அலை ஒன்று என்றான், மற்றவன் மூன்று என்றான். "ஏலே, நாலு பேரும் நாலு கடலுக்கா போனீக?" என்றார் ஏட்டு. ஆனால் வள்ளம் கவிழ்ந்தது நிஜம்தானே? பெண்கள் கணக்கு மாறினால் காலிக் கல்லறை நிறைந்துவிடுமா?

உன் அய்யா
சிலுவைமுத்து


மதுரை
12-3-1963

அன்புள்ள அய்யாவுக்கு,

ஏட்டுக் கதையை வாசித்துச் சிரித்தேன். ஆனால் வள்ளம் கவிழ்வது உலகத்தில் நடப்பது. செத்தவர் எழுவது நடப்பதில்லை. அதற்குச் சாட்சி இன்னும் பலமாக வேண்டாமா? அப்போஸ்தலர்கள் கூடிப் பேசிப் பொய் சொல்லியிருந்தால்? நிச்சயமில்லாததைப் பீடத்தில் நின்று சொல்ல என்னால் முடியாது. புயலில் பிழைத்ததற்கு நன்றியாக என்னைக் குருவாக்குவதென்று நீங்கள் நேர்ந்துகொண்டதுதான் காலைக் கட்டுகிறது.

மரியதாஸ்


தங்கச்சிமடம்
24-3-1963

மகனே,

கூடிப் பேசிய பொய்யைப் பற்றிச் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய்.

அன்றைக்கு ஏட்டிடம் நாங்கள் நாலு பேரும் ஓர் எழுத்து மாறாமல் சொன்னது ஒன்று உண்டு. "போறப்ப வானம் தெளிவா இருந்துச்சுங்க." கோவிலுக்குப் பின்னால் நின்று நாலு பேரும் பாடம் பண்ணிய வாக்குமூலம் அது. நிஜத்தில், மேகத்தைப் பார்த்துவிட்டு ஜெபமாலை, "இன்னைக்கு வேணாம்ணே" என்றான். "பயமா இருந்தா பொண்டாட்டி சேலையப் பிடிச்சுக்கிட்டு இங்கனயே கெட" என்று கேலி பண்ணி ஏற்றியவன் நான். உன்னை நேர்ந்துவிட்டது பிழைத்ததற்காக இல்லை. அதற்காக.

அந்தப் பொய் இத்தனை வருஷம் நின்றது, அதில் எங்களுக்கு நிம்மதி இருந்ததால். ஏட்டு ஒருதரம் லத்தியை ஓங்கியிருந்தால், சூசைமுத்துவுக்கு முந்தி நான் கக்கியிருப்பேன். அப்போஸ்தலர்களை அடித்தார்கள், கொன்றார்கள், அவர்கள் மாற்றிச் சொல்லவில்லை என்று கோவிலில் படிக்கிறார்கள். தானே கட்டிய பொய்க்கு எவனாவது அவ்வளவு அடி வாங்குவானா? ஒரு பொய்யனுக்குத் தெரிந்த ஆதாரம் இவ்வளவுதான். பொய் சொல்லாமல் அவர்களே ஏமாந்திருக்கலாமே என்பாய். அதற்கு அஞ்சாம் வகுப்பில் பதில் இல்லை.

நேற்று ஜெபமாலை வீட்டுக்குப் போய், அவன் மனைவி ஜோதிமேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் அரிந்துகொண்டே கேட்டாள். "தெரியும்ணே. அன்னைக்கு வெத்தலப்பை எடுக்க வீட்டுக்கு வந்தப்பவே நீங்க கேலி பண்ணுனதச் சொல்லிட்டுத்தான் போனாரு. நீங்களா வந்து சொல்லுவீகளான்னு எட்டு வருசமாப் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

நேர்ச்சை என்னுடையது. என் பாவத்துக்கு உன்னைக் கொடுத்தது தப்பு. நீ வந்தாலும் சரி, இருந்தாலும் சரி.

அய்யா


மதுரை
2-4-1963

அய்யா,

ஜோதிமேரி அத்தை கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன். உங்கள் மேல் கோபம் இன்னும் இருக்கிறது.

சந்தேகமும் முழுக்கத் தீரவில்லை. குருமடத்து அதிபரிடம் அப்படியே சொன்னேன். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் உங்களுக்குச் சுகம், இருந்தும் சொன்னீர்கள். அப்படியொரு சாட்சியை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன்.

பாஸ்குவுக்கு வாரேன். விடுமுறை முடிந்து ஜூன் மாதம் இந்தக் குருமடத்துக்கே திரும்பிவிடுவேன். இந்தத் தடவை யாரும் நேர்ந்துவிடாமல், நானாக.

மரியதாஸ்