நாற்பதில் வைத்த திரை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்றே எடுத்துக்கொள்கிறேன், வேறென்ன செய்ய, நீ போனையும் எடுப்பதில்லை, மெசேஜையும் பார்ப்பதில்லை, அதனால்தான் தபால். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றிலிருந்து துரை இஸ்திரி போடாத சட்டையைத் தொடுவதில்லை. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், போகும்போது மாடிப்படி பல்பையும் கழற்றிக்கொண்டு போனார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசியாக லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசிய அன்று நீ சொன்னது அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "அம்மாவுக்கு என் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கலை, அஞ்சு நிமிஷத்துல எழுந்து போயிடுறாங்க, இனிமே நான் கூப்பிடலை" என்றாய். அவள் பேச்சைக் கேட்காமல் அவ்வளவு தூரம் வேலைக்குப் போனதை அவள் இன்னும் மனதில் வைத்திருக்கிறாள் என்று நீ நினைத்தாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், வீம்பு பிடித்தவள் என்று நீ கூப்பிடாத இந்த நாலு மாதத்தில் இரண்டு தடவை அவளைத் திட்டியும்விட்டேன். போன வாரம் லேப்டாப்பின் மூடி ஆட்டம் கண்டது என்று ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திருகை முடுக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். "யாரு சார் இதை நாற்பதுல வச்சது, கண்ணு வலிக்கலையா?" என்றார். நான்தான். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டர் படித்தவன் கை சும்மா இருக்குமா. நீ வாங்கிக் கொடுத்த அன்றே செட்டிங்ஸில் டிஸ்ப்ளேவுக்குள் போய்ப் பார்த்தேன், திரை நொடிக்கு அறுபது தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்று இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கு எதற்கு அறுபது, பேட்டரியாவது மிஞ்சட்டும் என்று நாற்பதுக்கு இறக்கிவிட்டேன். அந்தத் திரை நாற்பதில் லேசாக விட்டுவிட்டு மினுங்குமாம். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, சிலருக்கு மண்டையைப் பிளக்குமாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டால், ஆமாம், நெற்றிப்பொட்டு தெறிக்கும், எழுந்துபோய் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொள்வேன் என்கிறாள் சாவகாசமாக. ஏன் சொல்லவில்லை என்றேன். "தூரத்துல தனியா இருக்கிறவகிட்ட என் தலைவலியைச் சொல்லி அவளைப் பயமுறுத்தவா" என்றாள். அட கடவுளே, நாலு மாதம்! உடனே அறுபதுக்கு மாற்றினேன். மாற்றினால் மட்டும் போதாது, இப்படியே வைத்துக்கொள்ளவா என்று அது கேட்கும், சில நொடிக்குள் சரி என்று அழுத்தாவிட்டால் பழையபடி நாற்பதுக்கே ஓடிவிடும், நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் ஒரு தடவை ஓடியேவிட்டது. பிறகு உன் புது அறையைச் சுற்றிக் காட்டி அனுப்பினாயே, அவள் பாதியில் எழுந்துபோன அதே வீடியோ, அதைப் போட்டுவிட்டு நான் நகர்ந்துகொண்டேன். பன்னிரண்டு நிமிஷம். மூன்று தடவை பார்த்தாள். "கழுத்தெலும்பு தெரியுதே இவளுக்கு" என்றாள்.

தப்பு என்னுடையது, கோபப்படுவதானால் என்மேல் படு. வேளாவேளைக்குச் சாப்பிடு, வேலை எங்கேயும் ஓடிப்போகாது. நீ எந்த ஊரில் இருந்தாலும் உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும். ஞாயிற்றுக்கிழமை காலை மறக்காமல் கூப்பிடு. நான் எடுக்க மாட்டேன், அம்மா எடுப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா