சவரி மாமாவும் பிரெஞ்சு ராணியின் ஸ்டூலும்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெக்கை. இலை அசையவில்லை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம் யுனிவர்சிட்டி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே.

வெள்ளிக்கிழமை வரலாற்றுப் பேராசிரியர் பதவிக்கு இன்டர்வியூ. போன தடவை வெளியூர் நிபுணர் ஒருவர், கடலூரில் இருந்துகொண்டு பிரெஞ்சு பிரபுக்களைப் பற்றிப் புதிதாக என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்டார். என் கட்டுரைப் பட்டியலை ஒப்பித்துவிட்டு வந்தேன், பதவி போனது. இந்தத் தடவையும் அப்படியென்றால் இணைப் பேராசிரியராகவே ரிட்டயர்.

புத்தகத்தில் நாலாம் அத்தியாயம் மட்டும் பாக்கி. ராணி முன்னால் எந்தச் சீமாட்டி ஸ்டூலில் உட்காரலாம், எவள் நிற்கவேண்டும் என்று அந்தக் காலப் பிரெஞ்சு அரண்மனையில் நடந்த சண்டை. வீண் ஜம்பம் என்று எல்லோரும் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்றும் சொல்லத் தெரியவில்லை.

அருளுக்கு பி.பி. மாத்திரை. சேலைக்கு ஃபால்ஸ். ஃபாதர் கேட்ட மாதா திருவிழா நோட்டீஸ்: போன வாரமே பிரஸ்ஸுக்குப் போயாச்சு.

ஆகஸ்ட் 6, புதன்

நோட்டீஸ் வந்தது. எங்கள் மாதா கோயில் பங்கே ரெண்டுபட்டது.

யாருக்கும் மனவருத்தம் வேண்டாமென்று உபயதாரர் பெயர்களை அகர வரிசையில் போட்டிருந்தேன். முதல் பெயர் அருள். என் வீட்டுக்காரர். இந்த வருஷம்தான் முதல் தடவையாக உபயம் கொடுக்கிறார். புருஷனை முன்னால் தள்ளிவிட்டேன் என்று கோயில் வாசலில் பேச்சு. இவருக்கோ சிரிப்பு தாங்கவில்லை.

"அரண்மனை வழக்கமெல்லாம் கரைச்சுக் குடிச்சவ, நம்ம பங்குல கோட்டை விட்டுட்டியே."

சாயங்காலம் சவரி மாமா. அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி. வருஷா வருஷம் முதல் பெயர் அவருடையது, இப்போது கீழே எங்கோ. காபி வேண்டாம் என்றார். அதிலேயே தெரிந்தது. அகர வரிசை நியாயமானது என்று விளக்கிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. இந்த வருஷம் நான் சும்மா இருந்துட்டா, அடுத்த வருஷம் இதான் வழக்கம்னுடுவாங்க. நாளைக்கு என் பொண்ண பாக்க வர்றவங்க இந்த நோட்டீஸத்தான பாப்பாங்க?"

மன்னிப்புக் கேட்டேன். திருத்தி அடித்துத் தருவதாகச் சொன்னேன். சொல்லும்போதே மண்டைக்குள் ஸ்டூல்.

ஜம்பம் இல்லை. எந்த ஜம்பமும் இல்லை. ஒரு நாள் நின்றவள் என்றைக்கும் நிற்பாள். அவள் மகளும் நிற்பாள். மகளுக்கு வரும் வரனும் ஒரு படி இறங்கும். அதற்குத்தான் அத்தனை சண்டை. இத்தனை வருஷம் பிரெஞ்சில் படித்துவிட்டு, அகர வரிசை போட்டேனே, நான் ஒரு மண்டு.

மாமா போனதும் எழுத உட்கார்ந்தேன். சோறு அடிபிடித்தது. அருள் போய் இட்லி வாங்கி வந்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அதே நிபுணர். கிட்டத்தட்ட அதே கேள்வி. சிரித்துவிட்டேன்!

நோட்டீஸ் கதையைச் சொன்னேன். என் அசட்டுத்தனம், மாமாவின் கோபம், பெண் பார்க்க வருகிறவர்கள், எல்லாம். அங்கிருந்து நேராக ராணியின் ஸ்டூலுக்கு. துணைவேந்தர்தான் முதலில் சிரித்தார். நிபுணர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் ஊர் கோயிலிலும் முதல் மரியாதைக்கு ஒரு வழக்கு நடக்கிறதாம், அதைச் சொன்னார். கிளம்பும்போது நாலாம் அத்தியாயத்தை அனுப்பச் சொன்னார்.

கேன்டீனில் சமோசா ரெண்டு. கால் தரையில் பாவவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆர்டர் கையில். பேராசிரியர். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன்: பேராசிரியர்.

நன்றாக அழுதேன். வெளியே மழை. அருள் பஜ்ஜி போட்டார், உப்பு ஜாஸ்தி, எல்லாவற்றையும் தின்றோம். திருத்திய நோட்டீஸோடு மாமா வந்தார், முதல் பெயர் அவருடையது. காபி குடித்தார். இன்னொரு தம்ளரும் கேட்டார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

துறையில் எனக்குப் பாராட்டு விழா. மாமா வெள்ளை வேட்டியில், சொன்ன நேரத்துக்கு முன்பே. ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான். மேடை நாற்காலிகளில் பெயர் ஒட்டியிருந்தது. நடுவில் துறைத்தலைவர், பக்கத்தில் டீன், அப்புறம் யார் யாரோ. என் பெயர் கடைசியில், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி.

இதற்கெல்லாம் போய் யாராவது சண்டை போடுவார்களா என்று நினைத்துக்கொண்டே மேடை ஏறினேன். என்னுடையது பழைய தேக்கு நாற்காலி. இழுத்தேன், அசையவில்லை.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே வந்தார், மறுபக்கம் பிடித்தார். நடுவில் கொண்டுபோய்ப் போட்டோம்.