நீ எடுக்காமல் விட்ட வால்குருவி

இன்று காலை செம்மநத்தம் ஊருக்குக் கீழே இருக்கும் அந்தச் சதுப்பில் முழங்கால் வரை இறங்கிவிட்டேன். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. கேமராவை மட்டும் கைக்குழந்தையைப்போலத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன். எஸ்டேட் வேலைக்குப் போன இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"ஏனுங்ணா, நண்டு புடிக்கறீங்களா?"

"இல்லீங்க, போட்டோ புடிக்கறேன்."

"நண்டையா?"

சிரித்துக்கொண்டே கை கொடுத்து இழுத்துவிட்டார்கள். கரையில் உட்கார்ந்தேன். காலிலிருந்து அழுகிய இலையும் ஈர மண்ணும் கலந்த வாடை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வீட்டுக்குள் நுழையும்போது உன் சேலையில் வருகிற அதே வாடை.

நம் மகள் தன் பழைய கேமராவை எனக்குத்தான் கொடுத்தாள். அப்பா பத்தாவது தாண்டாதவர் என்றாலும் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர், இயந்திரம் புரியும் என்று நினைத்துவிட்டாள், பாவம். முதல் வாரம் நான் எடுத்த படங்களில் எல்லாம் கேமராவின் கழுத்துப்பட்டைதான் தெரிந்தது. நீ ஒருநாள் வாங்கிப் பார்த்தாய். அதன்பிறகு அது என் கைக்குத் திரும்பவில்லை.

நான் பறவைக்குப் பின்னால் ஓடுவேன். நீ உரச்சாக்கை விரித்து மண்டியிட்டு, தண்ணீரில் ஓரிடத்தைப் பார்த்துக் கேமராவை வைத்துவிட்டு அசையாமல் இருப்பாய். "தொரத்துனா வருமா? அது வர்ற எடத்துல நாம முன்னாடியே இருக்கோணும்" என்பாய். தட்டானின் இறக்கையில் ஓடும் நரம்பைக்கூட நீ எடுத்த படத்தில்தான் பார்த்தேன்.

உன் ஆசையெல்லாம் அந்த வெள்ளை வால்குருவிமேல். குளிர்காலத்தில் மலைக்கு வரும். நாடாபோல நீண்ட வால். சாயங்காலம் தண்ணீரில் ஒரு முங்கு முங்கி எழும். அந்த முங்கலை எடுக்க இரண்டு குளிர்காலம் காத்திருந்தாய்.

"காப்பிச் செடிக்குள்ள நடந்தா பேசிக்கிட்டே வாங்க, காட்டெரும ஒதுங்கிக்கும். தண்ணிகிட்ட வந்தா வாயத் தொறக்காதீங்க." இதைத்தான் ஒவ்வொரு தடவையும் சொல்வாய். நான் சரியாக மாற்றிச் செய்வேன்.

அந்த இரண்டாம் மார்கழியில் ஒரு சாயங்காலம் வண்டியிலிருந்து டீ பிளாஸ்க்கை எடுத்துவரப் போனேன். முந்தின வாரம் தும்மிப் பறவையை விரட்டியதற்கு நீ திட்டியது மனதில் இருந்தது. அதனால் திரும்பும்போது காப்பிச் செடிகளுக்குள் பூனைபோல வந்தேன். எனக்கே என்மேல் பெருமை. நல்ல பனிமூட்டம், அது சற்று விலகியதில் எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க! நில்லுங்க! அங்கயே நில்லுங்க!"

மலைக்கே கேட்கும் குரல். நின்றேன். நான் பாறை என்று நினைத்திருந்தது தலையைத் தூக்கியது. காட்டெருமை. பக்கத்தில் கன்று. நீ எழுந்து நின்று கைதட்டிக் கத்திக்கொண்டே இருந்தாய். அது என்னைப் பார்த்து ஒருமுறை சீறிவிட்டு, கன்றோடு சரிவில் இறங்கிப் போயிற்று.

உன்னிடம் வந்தேன். "குருவி வந்துச்சா?"

"வந்துச்சு. வெள்ளைதான். ஒருக்கா முங்கிட்டு மரக்கொம்புல உக்காந்துச்சு. மறுக்கா முங்கறப்ப எடுக்கலாம்னு பட்டன்மேல கைய வெச்சிருந்தேன்."

"அடடா. போச்சே புள்ள!"

"குருவி அடுத்த மார்கழிக்கு வரும். நீங்க போயிட்டா எனக்கு டீ ஆரு கொண்டாருவா? குடுங்க. கொட்டிட்டீங்களா?"

கொட்டித்தான் இருந்தது.

அடுத்த மார்கழிக்கு அது வந்தது. ஆவணியிலேயே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிருந்தது. இப்போது நான் வருகிறேன், உன் சாக்கில் மண்டியிடுகிறேன். போன வாரம் படத்தில் ஒரு வெள்ளைக் கீற்று விழுந்தது. மகள் பார்த்துவிட்டு, "என்னங்ப்பா இது, துண்டு காயப்போட்டிருக்குதா?" என்கிறாள். காப்பிக்குள் பேசிக்கொண்டேதான் நடக்கிறேன். யாரிடம் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேமராவில் தட்டான், தவளை, கொக்கு எல்லாம் இருக்கின்றன. எடுத்தவள் ஒரு படத்திலும் இல்லை. அன்று காட்டெருமை போன பிறகு நீ சாக்கை உதறி மடித்தாய். தூக்கிவரச் சொல்லிக் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, காலெல்லாம் சேறும் கொண்டையில் ஒரு சில்வர் ஓக் இலையுமாக முன்னால் நடந்தாய். கல்யாண வயசில் மகளை வைத்துக்கொண்டு இதென்ன கூத்து என்று சிரிப்பாயோ என்று, வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

கொஞ்சம் நில்லு புள்ள, உன்னைய ஒரு படம் எடுத்துக்கறேன்.